ஆறின ரோல்ஸுக்கு வரி இல்லை

யோகேஸ்வரனுக்கு வயிற்றெரிச்சல் வந்தது, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிய ஒரு கடதாசியால். அதற்கு முன் அவருக்கு வயிறு எரிந்ததே இல்லை என்று சொன்னால் அது பொய். மைத்துனன் புதுக் கார் எடுத்தபோது எரிந்தது. பக்கத்து வீட்டு எலுமிச்சை காய்த்துக் குலுங்கியபோதும் எரிந்தது. ஆனால் அதெல்லாம் ஒரு கிழமையில் தணிந்துவிட்ட எரிச்சல்கள். இது இரண்டு வருடம் நின்று எரிந்தது. இத்தனைக்கும் மனிதர் தீயணைப்புப் படையில் இருந்தவர்.

தஞ்சம் வந்த நாட்டில் அவர் செவன் ஹில்ஸ் என்ற இடத்தில் ஒரு பெயின்ற் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். குடியிருந்தது பிளாக்டவுனுக்கு வடக்கே, வீடுகள் முடிந்து பற்றைக்காடு தொடங்குகிற வொம்பட் கிறீக்கில். தொண்ணூற்று நான்காம் ஆண்டு தை மாதம் காட்டுத்தீ அவர் வீட்டு வேலி வரைக்கும் வந்து, எதையோ மறந்துவிட்டது மாதிரித் திரும்பிப் போனது. அடுத்த கிழமையே ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையில் சேர்ந்துவிட்டார். சம்பளம் இல்லை. மஞ்சள் உடுப்பும் தலைக்கவசமும் தருவார்கள். குழாய், பம்ப் என்று மற்றதையெல்லாம் வாங்க, வருடத்தில் ஒரு சனிக்கிழமை, புரட்டாதி மாதத்தில், படையின் கொட்டகையைத் திறந்து ஊர்ச் சனத்துக்குத் தீயணைப்பு வண்டியைக் காட்டிச் சாப்பாடு விற்பார்கள்.

கொட்டகை வாசலில், கம் மரம் என்கிற பெரிய யூக்கலிப்டஸ் மர நிழலில் ஒரு மேசை. அந்த வாசல் மேசை ஆறு வருடமாக யோகேஸ்வரனுடையது. மனைவி விமலாதேவி பக்கத்திலேயே அடுப்பு வைத்து மட்டன் ரோல்ஸ் பொரிப்பார். யோகேஸ்வரன் அதைக் கடதாசியில் சுற்றி நீட்டி, ஒவ்வொரு வெள்ளைக்காரருக்கும் ஆங்கிலத்தில் "கவனம், சுடும்" என்பார். அவருடைய பங்கு அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வசனத்தைச் சொல்லுகிறபோது அவருக்கு நெஞ்சு நிமிரும். கிடங்கில் வருடம் முழுக்க மற்றவர்கள்தான் அவருக்குக் கவனம் சொல்லுவார்கள்.

இரண்டாயிரமாம் ஆண்டு ஆடியில் புதிய விற்பனை வரி, ஜி.எஸ்.டி., வந்தது. அதோடு தொண்டு நிதி விற்பனைவரி நிவாரண வாரியமும் வந்தது. நல்ல காரியத்துக்குச் சாப்பாடு விற்கும் தன்னார்வலர்களின் சுமையைக் குறைப்பது அதன் நோக்கம். அந்த வாரியத்தில் அறுபத்தொரு பேர் வேலை செய்தார்கள். எல்லோருக்கும் சம்பளம் இருந்தது.

படையில் முந்தின வருடம்தான் சேர்ந்தவர் வீரப்பன். மலேசியாவில் ஈப்போக்காரர். படிக்க வந்து, கணக்காளராகி, கழுத்துப்பட்டியோடு பரமட்டாவுக்கு ரயில் ஏறுகிறவர். அவர் மனைவி தனலெட்சுமி, மாவுக்குள் கிழங்குக் கறி வைத்து மடித்துப் பொரிக்கிற கறிபாப் செய்வார். யோகேஸ்வரனின் அகராதியில் அது வெறும் பற்றீஸ். வெள்ளிக்கிழமை பொரித்துச் சனிக்கிழமை விற்கிற ஆறின பற்றீஸ். அந்த ஆறின பற்றீஸுக்கு வீரப்பன் வாரியத்தில் விண்ணப்பம் போட்டு, வரிவிலக்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கப்டன் நோர்ம் ஹட்லி அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு, படையின் முதல் வண்டியின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பிறகு யோகேஸ்வரனின் தோளில் கை போட்டார்.

"யோகி, இந்த முறை வாசல் மேசையில வீரப்பன் இருக்கட்டும். அரசாங்க முத்திரை விழுந்த மேசை முன்னால இருந்தா படைக்கு மரியாதை. நீ தண்ணித் தாங்கிப் பக்கம் போ."

தண்ணீர்த் தாங்கிப் பக்கம் என்றால் கழிப்பறைப் பக்கம். அதையாவது பொறுக்கலாம். வீரப்பன் என்ற பெயரைக் கப்டன் ஓர் எழுத்துச் சிந்தாமல் சொன்னாரே, அதைப் பொறுக்க முடியவில்லை. யோகேஸ்வரன் ஆறு வருடமாக அவருக்கு யோகிதான்.

அந்தச் சனிக்கிழமை கழிப்பறைக்கு வந்தவர்கள் மட்டும் ரோல்ஸ் வாங்கினார்கள். யோகேஸ்வரன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். தனலெட்சுமி மேசைக்குப் பின்னால் ஒரு சின்ன மைக்ரோவேவ் வைத்திருந்ததையும், பல் இல்லாத ஒரு முதிய அம்மாளுக்கு ஒரேயொரு கறிபாப்பை அதில் வைத்துச் சூடாக்கிக் கொடுத்ததையும் பார்த்தார். பார்த்து மனதில் முடிந்துவைத்துக்கொண்டார்.

அன்று பின்னேரமே விண்ணப்பப் படிவத்தோடு குசினி மேசையில் உட்கார்ந்தார். நாற்பத்திரண்டு கேள்விகள். ஏழாவது கேள்வி: உணவு சூடாக வழங்கப்படுமா?

'ஆம். எப்போதும். கையில் பிடிக்க முடியாத சூடு' என்று எழுதினார்.

விமலாதேவி எட்டிப் பார்த்தார். "கேட்டது ஓமோ இல்லையோ எண்டுதானே. ஏனப்பா இவ்வளவு எழுதுறியள்?"

"பின்னை? ஆறின ரோல்ஸ் குடுக்கிற ஆக்கள் எண்டு எழுதச் சொல்லுறீரோ? வாசிக்கிறவன் என்ன நினைப்பான்?"

"வாசிக்கிறவன் எங்களிட்டைக் கலியாணம் பேசவே வாறான்? ரோல்ஸ் பொரிக்கிறது நான். உங்களுக்கேன் இந்தக் கொதி?"

நாற்பத்திரண்டாவது கேள்வி: இச்சலுகையை ஏன் கோருகிறீர்கள்? உண்மையான பதில் இரண்டே சொல்லில் அவர் நாக்கில் நின்றது. வீரப்பனுக்குக் கிடைத்தது. ஆனால் அப்படி எழுத முடியுமா? காடு, தீ, குடிமகன் கடமை, தஞ்சம் தந்த நாட்டுக்கு நன்றி என்று மேலதிகத் தாள் இணைத்து மூன்று பக்கம் எழுதினார்.

ஒரு மாதம் கழித்து வாரியம் அவரை நேரில் அழைத்தது. பரமட்டாவில் நாலாம் மாடி. இலக்கச் சீட்டு எடுத்துக் காத்திருந்து, மூன்றாம் யன்னலுக்குப் போனார். அங்கே இருந்தவர் கீத் மொஃபட் என்ற அதிகாரி. மொஃபட் சிடுசிடுக்கிற ஆள் இல்லை. சிடுசிடுத்திருந்தால் யோகேஸ்வரனும் பதிலுக்குச் சிடுசிடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். மொஃபட் பேசியதெல்லாம் தேன்.

"நீங்கள் தன்னார்வலர் என்பதற்கு அத்தாட்சி?"

"சம்பளம் இல்லை, சேர்."

"சம்பளம் இன்மை அத்தாட்சி ஆகாது. சம்பளமின்றிக் கட்டாயத்தின்பேரில் உழைப்பவர்கள் உலகில் ஏராளம். எனது மனைவி அவர்களுள் ஒருவர் என்று சொல்லுகிறார். தன்னார்வம் என்பது மனதின் நிலை. மனதுக்குப் பற்றுச்சீட்டு இல்லை. ஆகவேதான் நாங்கள் பற்றுச்சீட்டுக் கேட்கிறோம்."

"அதை எங்கை எடுக்கிறது?"

"அது ஐந்தாம் யன்னல். தயவுசெய்து புதிய இலக்கம் எடுங்கள்."

புதிய இலக்கம் எடுத்து, ஒன்றரை மணி நேரம் கதிரையில் இருந்தார். இலக்கம் வந்தது. ஐந்தாம் யன்னலுக்குப் போனால் அங்கேயும் மொஃபட்தான் இருந்தார்.

"வணக்கம். உங்களைச் சந்தித்ததாக இந்த யன்னலில் பதிவு இல்லை. என்ன விடயம்?"

யோகேஸ்வரன் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். மொஃபட் கவனமாகக் கேட்டார். காட்டுத்தீ வேலி வரைக்கும் வந்த இடத்தில், மூன்றாம் யன்னலில் காட்டாத ஒரு கலக்கம்கூட அவர் முகத்தில் தெரிந்தது. கடைசியில், குடும்பத்தில் ஒருவர் கையெழுத்திட்ட வாக்குமூலம் வேண்டுமென்றார். இவர் எவருடைய வற்புறுத்தலும் இன்றியே தீயணைக்கப் போகிறார் என்று அதில் இருக்கவேண்டும்.

விமலாதேவி பேனை எடுத்தார். "உண்மையைத்தான் எழுதுவன். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

எழுதினார். என் கணவர் நெருப்புக்குப் போவது எனக்குத் துளியும் விருப்பமில்லை. எத்தனையோ தரம் மறித்துப் பார்த்தேன். மகளின் பிறந்தநாளன்று கேக் வெட்ட முன் போனார். என் தங்கையின் கலியாண வீட்டிலிருந்து போனார். இந்த மனிதரை யாரும் அனுப்பவில்லை, அனுப்பவும் தேவையில்லை.

யோகேஸ்வரன் பயந்துகொண்டே அதை அனுப்பினார். வாரியத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. இதுவரை கிடைத்தவற்றுள் மிக வலுவான தன்னார்வச் சான்றுகளில் இது ஒன்று, எமது பயிற்சிக் கைநூலில் சேர்க்க அனுமதி தாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். அவர் அந்தக் கடிதத்தைப் படைப் பயிற்சிக்கு எடுத்துப் போய், தற்செயலாக விழுகிற மாதிரி வீரப்பனின் முன்னால் விழுத்தினார்.

வீரப்பன் எடுத்து, தூசி தட்டி, படித்தார். "ரொம்ப சந்தோசம் அண்ணே. எங்க வீட்டுக்காரி எழுதினதும் அந்தப் புத்தகத்துல வருது லா. முதல் பக்கமாம்."

அவர் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவருக்குப் பெருமையடிக்கவே தெரியாது. யோகேஸ்வரனுக்கு அவரில் பிடிக்காத குணங்களில் அதுவும் ஒன்று.

அடுத்த தடங்கல் பத்தொன்பதாவது கேள்வியில் வந்தது. வருகிற பன்னிரண்டு மாதங்களில் ஏற்படவுள்ள தீ விபத்துகளின் திகதி, நேரம். யோகேஸ்வரன் அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டிருந்தார். மொஃபட் மறுபடி அழைத்தார்.

"நெருப்பு வாறது முதலே தெரியாதே, சேர்."

"அப்படியானால் இன்னதென்று தெரியாத ஒன்றுக்காக நிதி திரட்டுகிறீர்கள். சரி, தீயே ஏற்படாவிட்டால்?"

"கடவுளே எண்டு இருப்பம்."

"நீங்கள் இருக்கலாம். வாரியம் இருக்க முடியாது. தீக்கென்று சலுகை வழங்கிவிட்டோம், தீ வரவில்லை. பொதுமக்களுக்கு நாங்கள் என்ன பதில் சொல்லுவது? பொறுப்புள்ள விண்ணப்பதாரர்கள் இந்தப் பெட்டியை நிரப்பியிருக்கிறார்கள்."

பொறுப்புள்ள விண்ணப்பதாரர் யாரென்று கேட்கத் தேவையிருக்கவில்லை. வீரப்பனிடம் என்ன எழுதினீர் என்று கேட்பதற்கு யோகேஸ்வரன் இரண்டு கிழமை தன்னோடு சண்டை பிடித்தார். பிறகு கேட்டார்.

"'தேவைக்கேற்ப'ன்னு எழுதினேன் அண்ணே. ஒரே வார்த்தைதான்."

அந்த ஒரு வார்த்தை ஏன் தனக்கு வரவில்லை என்று நினைத்து நினைத்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கத்தை விட்டு அதையே எழுதி அனுப்பினார். திரும்பி வந்தது. 'இவ்விடை ஏற்கனவே வேறொரு விண்ணப்பதாரரால் பயன்படுத்தப்பட்டுள்ளது.' கோபத்தில் மூன்று திகதிகளை எழுதினார்: மாமியாரின் பிறந்தநாள், தன் கலியாண நாள், அடுத்த கொட்டகைத் திறப்பு நாளான புரட்டாதி இருபத்திரண்டு. மூன்றுக்கும் நேரம் காலை பதினொரு மணி. ஏற்றுக்கொண்டார்கள்.

எல்லாம் சரிவந்தது என்று இருந்தபோது நிராகரிப்புக் கடிதம் வந்தது. காரணம் ஏழாவது கேள்வி. உணவு சூடானது.

யோகேஸ்வரன் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நாலாம் மாடிக்கு ஏறினார்.

"சூடு என்பது ஆடம்பரம், ஐயா" என்றார் மொஃபட். "ஆறிய உணவை மனிதன் தேவைக்காக உண்கிறான். சூடான உணவை விரும்பி உண்கிறான். விரும்பி உண்பதற்கு எப்படி நிவாரணம் வழங்குவது? நிவாரணம் துன்பத்துக்கு உரியது. திரு வீரப்பனின் கறிபாப்பை நானே உண்டு பார்த்தேன். எந்த இன்பமும் இருக்கவில்லை. உடனே கையெழுத்திட்டேன்."

"ரோல்ஸை ஆறவைச்சுக் குடுத்தால்?"

"ஆறிவிட்டது என்பதை நாங்கள் நேரில் வந்து அளக்கவேண்டும்."

யோகேஸ்வரன் தலையாட்டினார். சூட்டில் அவருக்கு இருந்த பெருமையைவிட வாசல் மேசையில் இருந்த ஆசை பெரிதாகிவிட்டது. அளப்பதற்கு இரண்டாயிரத்தொன்று புரட்டாதி இருபத்திரண்டாம் திகதி குறித்துக் கொடுத்தார்கள். எழும்பப் போனவர், எழும்பாமல் கேட்டார்.

"சேர், ஆறினது எண்டு சொல்லிச் சான்றிதழ் எடுத்துப்போட்டு, ஒளிச்சு வைச்சு மைக்ரோவேவில சூடாக்கினால் அதுக்கு என்ன செய்வியள்?"

மொஃபட் மிகுந்த மரியாதையோடு ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். பெயர் குறிப்பிடாத முறைப்பாட்டுப் படிவம். முதல் வரியில் முறைப்பாட்டாளரின் முழுப்பெயர் கேட்டிருந்தது. கீழே 'பெயர் இரகசியமாக வைக்கப்படவேண்டும்' என்று ஒரு பெட்டி. யோகேஸ்வரன் பெட்டியில் சரி போட்டார். வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

மூன்று கிழமை கழித்துப் படைப் பயிற்சியில் வீரப்பன் அவரைத் தனியே கூப்பிட்டார். "வாரியத்துல இருந்து கடிதம் வந்துச்சு அண்ணே. பெயர் தெரியாதவர் புகார்னு போட்டு, கீழ உங்க பெயர், விலாசம் எல்லாம் இருக்கு. வீட்டு நம்பரைத் தப்பாப் போட்டிருந்தாங்க. உங்களுக்கு வர்ற கடிதம் மாறிப் போயிடப் போவுதேன்னு, நான் திருத்திச் சொல்லிட்டேன்."

யோகேஸ்வரன் நிலத்தைப் பார்த்தார். பூமாதேவி வாய் பிளக்கவில்லை. "நான் அது..." என்றார்.

"பரவால்ல லா, அண்ணே. நானும் சரியாக் கவனிக்கல" என்று சொல்லிவிட்டு வீரப்பன் குழாயைச் சுற்றி வைக்கப் போனார். அவர் ஓங்கி ஓர் அறை அறைந்திருந்தால் யோகேஸ்வரன் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

இருபத்திரண்டாம் திகதி மொஃபட் வெப்பமானியும் மடக்குக் கதிரையும் கொண்டு வந்தார். முதலில் வாசல் மேசை. தனலெட்சுமி மறைக்கவில்லை. "ஆமா சார், ஒண்ணு சூடாக்கினேன். அந்தம்மாவுக்குப் பல்லு இல்ல. ஆறினா எப்படிக் கடிப்பாங்க?"

"இரக்கத்தினால் சூடாக்கப்பட்டாலும் சூடு சூடே" என்றார் மொஃபட். சுவரிலிருந்த சான்றிதழைக் கழற்றித் தன் பைக்குள் வைத்தார். யோகேஸ்வரனுக்குச் சந்தோசம் வந்தது. வெட்கம் அதற்கு மூன்று நிமிடம் பிந்தித்தான் வந்தது. அந்த மூன்று நிமிடத்தை அவர் வாழ்நாளில் மறக்கவில்லை.

பிறகு தண்ணீர்த் தாங்கிப் பக்கம். விமலாதேவி அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த நாற்பது ரோல்ஸ் தட்டில் இருந்தன. ஆறவைக்கிற கதையை அவர் அன்று காலைதான் கேள்விப்பட்டிருந்தார்.

"ஆறவைச்சுக் குடுக்கிறதுக்கு நான் என்னத்துக்குப் பொரிக்கவேணும்?"

"ஒரு நாளைக்குத்தானே அப்பா. சேர்ட்டிபிக்கற் வரட்டும், பிறகு பாப்பம்."

மொஃபட் வெப்பமானியைக் குத்தினார். எழுபத்தொரு பாகை. தட்டைச் சுற்றி வாரியத்தின் மஞ்சள் நாடாவைக் கட்டினார். விசாரணையிலுள்ள பொருளை யாரும் வாங்கவோ தொடவோ கூடாது. கதிரையை விரித்து உட்கார்ந்தார். "ஆறட்டும்."

அப்போது கொட்டகைச் சங்கு ஊதியது. ஓடைக்கு அப்பால் புல்வெளியில் தீ. மொஃபட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கோப்பைப் புரட்டினார். "பதினொன்றே கால். விண்ணப்பத்தில் பதினொன்று. கால் மணி நேரத் தாமதம் ஏற்கத்தக்கது" என்று குறித்துக்கொண்டார்.

வண்டி பறந்தது. இறங்கிய இடத்தில் கப்டன் யோகேஸ்வரனையும் வீரப்பனையும் ஒரே குழாயில் விட்டார். முன்னால் யோகேஸ்வரன் குழாயின் வாயைப் பிடிக்க, பின்னால் வீரப்பன் பாரத்தைத் தாங்கினார். காற்று திரும்பிப் புகை முகத்தில் அடித்தபோது, பின்னாலிருந்து ஒரு கை அவர் தலையை அமுக்கியது. "குனிங்க அண்ணே." குனிந்தார். தலைக்கு மேலால் ஒரு எரிகிற கிளை போய் விழுந்தது. வீரப்பன் நல்ல தீயணைப்பாளர். இரண்டு வருடத்தில் இவ்வளவு பழகியிருக்கிறார். அதுவும் யோகேஸ்வரனுக்குப் பிடிக்கவில்லை. நன்றி சொல்ல வாயைத் திறந்தவர், புகை என்று சொல்லி இருமினார்.

இரண்டு மணி நேரம் கழித்துக் கரி பூசிய முகத்தோடு திரும்பினார்கள். வந்த சனம் போய்விட்டிருந்தது. விமலாதேவி அடுப்பை அணைத்துவிட்டு, நாடாவுக்கு இந்தப் பக்கம் கைகட்டிக்கொண்டு இருந்தார். மொஃபட் எழும்பி வெப்பமானியைக் குத்தினார். பத்தொன்பது பாகை. காற்றும் பத்தொன்பது.

"வாழ்த்துகள், ஐயா" என்று கை நீட்டினார்.

சான்றிதழ் வந்த அன்று கப்டன் படையைக் கூட்டி அதைச் சத்தமாக வாசித்தார். யோகேஸ்வரன் என்று முழுப்பெயரும் சொன்னார். அதே ஆணியில், அதே கண்ணாடிக்குள் மாட்டினார். "வாசல் மேசை இனி உன்ரதான்" என்றார். கடிதத்தின் பின்பக்கத்தில் நிபந்தனைகள் இருந்தன. ரோல்ஸ் எப்போதும் பரிசோதனை நாளின் நிலையிலேயே விற்கப்படவேண்டும். மேசையிலிருந்து மூன்று மீற்றருக்குள் அடுப்பு இருக்கக்கூடாது. வாங்குபவரிடம் 'சுடும்' என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாது, அது பொய்யான எதிர்பார்ப்பை உண்டாக்கும்.

அவர் பின்பக்கத்தை வாசிக்கவில்லை. வெற்றிக் கடிதத்தின் பின்பக்கத்தை யார் வாசிக்கிறார்கள்? விமலாதேவி வாசித்தார். அவருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு ஒரு பார்வை பார்த்தார்.

அடுத்த வருடப் புரட்டாதி. கம் மர நிழல், வாசல் மேசை, வெள்ளை விரிப்பு. ஆறின ரோல்ஸ் அடுக்கடுக்காக இருந்தன. யோகேஸ்வரன் தலைவாரி, சட்டை மடித்துவிட்டு நின்றார். ஒரு தம்பதி வந்தார்கள். ஆளுக்கொன்று வாங்கினார்கள். அவருக்குப் பழக்கதோசத்தில் அந்தப் பழைய வசனம் வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டார். கடித்தார்கள், மரியாதையாகத் தலையாட்டினார்கள், மிச்சத்தைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அதன் பிறகு ஒருவரும் நிற்கவில்லை. எல்லோரும் அவரைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர்த் தாங்கிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

சான்றிதழ் பறிபோன வீரப்பன் இப்போது வரி கட்டினார். வரி கட்டுகிறவரை எந்த வாரியமும் வெப்பமானியால் குத்துவதில்லை. அவர் பெரிய அடுப்பு ஒன்றும், எண்ணெய்ச் சட்டி இரண்டும் கொண்டுவந்திருந்தார். தனலெட்சுமி பொரித்துப் பொரித்துப் போட, ஆவி பறந்தது. வரிசை கழிப்பறையைச் சுற்றிக்கொண்டு வேலி வரைக்கும் நின்றது. அங்கிருந்து வீரப்பனின் குரல் தெளிவாகக் கேட்டது. ஒவ்வொருவருக்கும் ஆங்கிலத்தில்.

"கவனம், சுடும்."

கப்டன் வந்தார். "காலை வணக்கம், யோகேஸ்வரன்" என்று பெயரை முழுதாகச் சொல்லிவிட்டு, நிற்காமல் அந்த வரிசையில் போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பின்னால் அரைக்காற்சட்டையில் ஒருவர் போனார். மொஃபட்.

"சேர், நீங்களுமோ?"

"இன்று எனக்கு விடுமுறை, ஐயா" என்றார் மொஃபட். "விடுமுறை நாளில் இன்பத்துக்குத் தடையில்லை. வரி சேர்த்துத்தான் வாங்குகிறேன்."

அதையும் தாங்கியிருப்பார். மொஃபட்டுக்கு முன்னால், வரிசையில் ஏழாவதாக, நீலச் சேலையில் நின்ற பெண்ணின் முதுகு அவருக்குத் தெரிந்த முதுகு. இருபத்திரண்டு வருடமாகத் தெரிந்த முதுகு.

விமலாதேவி ஒளிக்கவில்லை. வாங்கிக்கொண்டு நேரே வாசல் மேசைக்கு வந்தார். "விடியக்காலமை துவக்கம் நிக்கிறன். சூடா ஒரு வாய் தின்னவேணும் போல கிடந்தது. உங்களுக்கும் ஒண்டு வாங்கினனான்" என்று கடதாசிப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தார். கை சுட்டது.

யோகேஸ்வரன் திரும்பி நின்று கடித்தார். கிழங்கும் கறித்தூளும், மொறுமொறுத்த விளிம்பும். நன்றாக இருந்தது. மிகவும் நன்றாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

பின்னேரம் மேசையில் ரோல்ஸ் வைத்தபடியே இருந்தன. விற்காத ரோல்ஸுக்கு வரி ஒரு சதமும் இல்லை. சலுகை முழுமையாக வேலை செய்தது.

திங்கட்கிழமை காலை நாலாம் மாடியில் முதல் இலக்கச் சீட்டு அவருடையது.

"சேர், எனக்கு இந்தச் சலுகை வேண்டாம். நானும் வரி கட்டவேணும்."

மொஃபட் பேனையைக் கீழே வைத்தார். "யோசித்துத்தான் பேசுகிறீர்களா? சலுகை கேட்டு வருபவர்களையே நாங்கள் சந்தேகிக்கிறோம். வரி கேட்டு வருபவரை எந்தக் கண்ணால் பார்ப்பது? கேட்டவர்களுக்கெல்லாம் வரி விதித்தால் வரிக்கு என்ன மதிப்பு இருக்கும்? உங்கள் தகுதியின்மையை நீங்கள் நிரூபிக்கவேண்டும். சுலபமில்லை. உங்கள் கோப்பு மிக நல்ல கோப்பு."

"நிரூபிக்கிறன், சேர்."

"அது ஐந்தாம் யன்னல்."

யோகேஸ்வரன் புதிய இலக்கம் எடுத்தார். காத்திருந்தார். ஐந்தாம் யன்னலில் மொஃபட் அவரை முன்பின் தெரியாதவர் போல வரவேற்று, ஒரு படிவம் கொடுத்தார். அறுபது கேள்விகள். யன்னல் ஓரக் கதிரையில் இருந்து ஒவ்வொன்றாக நிரப்பினார். மத்தியானம் ஆகிவிட்டது. கடைசிக் கேள்வி: நீங்கள் ஏன் வரி செலுத்த விரும்புகிறீர்கள்? விடை போதாவிட்டால் மேலதிகத் தாள்களை இணைக்கவும்.

மேலதிகத் தாள் தேவைப்படவில்லை. இந்த முறை அவர் உண்மையையே எழுதினார்.

'வீரப்பன் கட்டுகிறார்.'